திங்கட்கிழமை மட்டும் படம் வருகிறது. மற்ற நாள்களில் திரை இருண்டே கிடக்கிறது

சிவகாசி வடிவமைப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சிவகாசியில் காலண்டர்களுக்கும் நோட்டுப் புத்தக அட்டைகளுக்கும் பக்க வடிவமைப்புச் செய்து வருகிறேன். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், ஆனி மாதம் முழுவதும் இரவு பகலாக வேலை இருக்கும். இந்த நேரத்தில் கணினி தினமும் காலையில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

கணினியை 2019ஆம் ஆண்டின் இறுதியில் பாகங்கள் வாங்கிப் பொருத்திக்கொண்டேன். ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி). மானிட்டர் 27 அங்குலம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வழியாக இணைத்திருக்கிறேன்.

ஏறக்குறைய மூன்று மாதங்களாக, காலையில் முதன்முதலாக இயக்கும்போது மின்விசிறிகள் சுழல்கின்றன, ஆனால் படம் வருவதில்லை. திரையில் ‘நோ சிக்னல்’ என்ற வாசகம் சில நொடிகள் தோன்றி மறைகிறது. பிறகு மானிட்டர் உறங்கிவிடுகிறது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கும் எரிவதில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதும் மீண்டும் இயக்குவதுமாக ஏழெட்டு முறை போராடினால் எப்படியோ துவங்கிவிடும். ஒருமுறை துவங்கிவிட்டால் இரவு வரை எந்தத் தொல்லையும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது.

கேபினெட்டை இரண்டு முறை கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே ஒவ்வொரு முறையும் முதல் அழுத்திலேயே படம் வந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து பூட்டினால் மறுநாளே பழையபடி ஆகிவிடுகிறது. மதர்போர்டு தளர்ந்துவிட்டது, மாற்றிவிடுவதே நல்லது என்று இப்போது சொல்கிறார்கள். இந்த மாதம் அந்தச் செலவைத் தாங்க என்னால் இயலாது. அதைவிட, மாற்றிய பிறகும் இதே நிலை நீடித்தால் என்ன செய்வது என்ற அச்சம்தான் பெரிதாக இருக்கிறது.

பொருத்தமில்லாததாகத் தோன்றினாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமைகளில் மட்டும் முதல் முறையிலேயே துவங்கிவிடுகிறது. ஞாயிறன்று நான் வேலை செய்வதில்லை. ஒருநாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிறது என்றால், ஏதேனும் ஒரு பாகம் சூடேறிப் பழுதாகிறது என்று கொள்ளலாமா?

ரிச்சி தெரு பழையவர்:

தம்பி, வணக்கம். சென்னை ரிச்சி தெருவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணினிப் பழுது பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: மதர்போர்டுக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். திரை இருண்டிருக்கிறது என்பது ஒரே பழுதின் பெயர் அன்று. வெவ்வேறு பழுதுகள் பலவும் அதே முகத்தோடு வந்து நிற்கும். எந்த இருட்டு என்று பிரித்தறிந்த பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

மானிட்டரின் விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறது, விண்டோஸ் துவங்கும் ஒலியும் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால், அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கைத் திரையின்மீது சாய்வாக அடித்துப் பார்ப்பேன். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது; கணினியின்மேல் குற்றம் இல்லை. 2000களில் வந்த மானிட்டர்கள் பலவற்றில் பவர் போர்டின் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிப்போய் இப்படி ஆனதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்ற வாசகம் வந்தால் கணினி படத்தை அனுப்புகிறது, ஆனால் மானிட்டரால் காட்ட முடியாத அளவில் அனுப்புகிறது என்று பொருள். சேஃப் மோடில் நுழைந்து ரெசல்யூஷனைக் குறைத்தால் போதும். துவக்கத்தில் சின்னம் தெரிந்து, விண்டோஸ் வரும் கட்டத்தில் திரை இருண்டால் கேபிளை விட்டுவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உங்களுக்கு வருவது ‘நோ சிக்னல்’. அந்த வாசகத்தையே காட்ட முடிகிறது என்றால் மானிட்டரும் அதன் பின்னொளியும் நன்றாக இருக்கின்றன. கேபிளின் மறுமுனையிலிருந்துதான் எதுவும் வந்து சேரவில்லை. கேப்ஸ் லாக் விளக்கும் எரியாததால், கணினி தன் முதற்கட்டச் சோதனைகளையே முடிக்காமல் நின்றுவிடுகிறது என்று கருதுகிறேன். சூடேறும் பழுதாக இருந்தால் மாலையில் அல்லவா வர வேண்டும்? காலையில் குளிர்ந்திருக்கும்போது வருவதால், ஓய்வைப் பற்றிய உங்கள் கணிப்பு பொருந்தவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ரைசன் 5 3600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களிலும் கிடையாது. இவற்றில் மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகினால் எக்காலத்திலும் படம் வராது. கடைக்கு வந்த ‘செத்துப்போன’ கணினிகளில் பலவற்றுக்கு நான் செய்த மருத்துவம், கேபிளை ஒரு சாண் கீழே மாற்றிச் செருகியது மட்டுமே.

நீங்கள் மூன்று சோதனைகள் செய்து எழுதுங்கள். மதர்போர்டின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் இருந்தால் (டிரேம் என்பது ரேமையும், விஜிஏ என்பது கிராஃபிக்ஸ் கார்டையும் குறிக்கும்), படம் வராதபோது அவற்றில் எது எரிந்தபடி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவதாக, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை முழுவதும் கழற்றிவிட்டு, எச்டிஎம்ஐ வழியாக வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, சில நாள் காலையில் இயக்கிப் பாருங்கள். மூன்றாவதாக, மானிட்டரை ஏதேனும் ஒரு மடிக்கணினியோடு இணைத்துப் பாருங்கள்.

வைகைக் கரை:

ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளை வெள்ளை அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பொருத்திப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஆன பேட்டரி எப்படியும் மாற்ற வேண்டியதுதான். இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் கார்டின் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய தலைமுறைக்கும் கிராஃபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியா 2018இல் ஒரு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்புக் கருவியை வெளியிட்டது. டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 வகை மானிட்டர்களோடு இணைக்கும்போது விண்டோஸ் ஏறும்வரை திரை இருண்டிருப்பதும், சில கணினிகள் துவக்கத்திலேயே நின்றுவிடுவதும் அதனால் தீரும். கார்டுக்குப் புதுப்பிப்புத் தேவையா என்பதை அந்தக் கருவியே ஆராய்ந்து சொல்லிவிடும்.

சிவகாசி வடிவமைப்பாளர்:

ஐயா இருவருக்கும் நன்றி. சொன்னவற்றை எல்லாம் செய்து பார்க்க ஒரு வாரம் ஆகிவிட்டது.

படம் வராத காலைகளில் எரிந்தபடி நிற்பது விஜிஏ என்ற விளக்கு. தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ வழியாக இணைத்த நான்கு காலைகளிலும் முதல் அழுத்திலேயே கணினி துவங்கியது. என் தங்கையின் மடிக்கணினியை மானிட்டரில் எச்டிஎம்ஐ வழியாக இணைத்தபோதும் படம் தெளிவாக வந்தது. என்விடியாவின் கருவி, என் கார்டுக்குப் புதுப்பிப்புத் தேவையில்லை என்று தெரிவித்தது. பேட்டரியை மாற்றினேன், பயன் இல்லை. ரேமைத் துடைத்த அன்று மட்டும் உடனே துவங்கியதால் பெரிதும் மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

கணினியும் நன்றாக இருக்கிறது, மானிட்டரும் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் மட்டும் கணினி துவங்க மறுக்கிறது. விஜிஏ விளக்கு எரிவதால் கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மின்னணு ஆசிரியை:

வணக்கம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பிக்கிறேன். உங்கள் குறிப்புகளைத் தொடக்கத்திலிருந்து இருமுறை படித்தேன். கார்டைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு முன்பு, இந்தத் தொல்லை தொடங்கிய நாள்களில், மேசையிலோ கேபிள்களிலோ பிளக் பாயிண்டிலோ எதை மாற்றினீர்கள்? திங்கட்கிழமை காலையில், நீங்கள் கணினியின் முன் உட்காரும் நேரத்துக்கு முன்பு, அந்த அறையில் மற்ற நாள்களில் நடக்காத எதுவும் நடக்கிறதா? இரவில் கணினியை அணைத்து, அதன் சுவர் ஸ்விட்சையும் நிறுத்திய பிறகு, கேபினெட்டுக்குள் ஏதேனும் ஒரு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

சிவகாசி வடிவமைப்பாளர்:

அம்மா, உங்கள் மூன்றாவது கேள்வியைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆம், எரிகிறது. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு, சுவர் ஸ்விட்சை நிறுத்திய பிறகும் மங்கலாக எரிந்தபடி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் தேங்கிய மின்சாரம் என்று எண்ணி, அதை ஒருபோதும் பொருட்படுத்தவில்லை. நேற்றிரவு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அணையவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு மேசையைச் சன்னலோரம் நகர்த்தி, கேபினெட்டை மேசையிலிருந்து தரைக்கு இறக்கினேன். மானிட்டரோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் நீளம் போதாததால், 3 மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். கணினியின் பிளக் பழைய இடத்தில்தான் இருக்கிறது. மானிட்டரின் பிளக் மட்டும் சன்னலருகே உள்ள வேறொரு பாயிண்டுக்கு மாறியது. அதை நான் நிறுத்துவதில்லை. மானிட்டர் இரவெல்லாம் உறக்க நிலையில் இருக்கும்.

திங்கட்கிழமையைப் பற்றி என் மனைவியிடம் கேட்டேன். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளை வாரத் தொடக்கத்தில் மொத்தமாகத் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். அதற்காக விடியற்காலையில் சன்னலருகே இருக்கும் மானிட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கே இஸ்திரிப் பெட்டியைச் செருகுகிறார். நான் வந்து கணினியை இயக்கிவிட்டு, திரை எரியாததைக் கண்டு, அதன்பிறகே மானிட்டர் பிளக்கைச் செருகுவேன். உடனே படம் வந்துவிடும். இத்தனை நாளும் இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மின்னணு ஆசிரியை:

இஸ்திரிப் பெட்டிதான் விடையைச் சொல்லிவிட்டது. பழுது உங்கள் 3 மீட்டர் கேபிளில் இருக்கிறது என்று நம்புகிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

கணினிக்கும் மானிட்டருக்கும் இடையே படம் மட்டும் போவதில்லை. அதற்கு முன்பாக ஒரு சிறு உரையாடல் நடக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் 20 முள்கள் உள்ளன. அவற்றில் 18ஆவது, மானிட்டர் இணைந்திருக்கிறது என்பதைக் கார்டுக்கு உணர்த்துவது. அதன்பிறகு கார்டு தனியான ஒரு துணைத்தடம் வழியாக மானிட்டரைக் கேட்கும். மானிட்டர் தன் தயாரிப்பு விவரத்தையும் தன்னால் காட்டக்கூடிய அளவுகளையும் ஈடிஐடி என்ற சிறு குறிப்பாகத் திருப்பி அனுப்பும். அந்தக் குறிப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட்தான். இவ்வளவும் முடிந்த பின்னரே படம்.

20ஆவது முள் இந்த உரையாடலில் சேராதது. அது 3.3 வோல்ட் மின்சாரம் தரும் முள். 500 மில்லியாம்பியர் வரை தரக்கூடியது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கோ, விஜிஏ என்ற பழைய வகை மானிட்டர் இணைப்புக்கோ மாற்றும் சிறு மாற்றிகள் உயிர்பெறுவதற்காக அதை வைத்தார்கள். மாற்றியை எந்தப் பக்கம் செருகினாலும் மின்சாரம் கிடைக்க வேண்டும் என்பதால், கார்டின் துளையிலும் மானிட்டரின் துளையிலும் அந்த முள் மின்சாரம் தந்துகொண்டிருக்கும். ஆகவேதான் இந்தத் தரத்தை வகுத்த வெசா அமைப்பு, இரு முனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாக உள்ள சாதாரணக் கேபிளில் 20ஆவது முள்ளுக்குக் கம்பி இழுக்கக் கூடாது என்று விதித்திருக்கிறது. இழுத்தால், மின்சாரம் தரும் இரண்டு வாய்கள் நேருக்கு நேர் மோதும். அந்த விதியைக் கவனிக்காமல் 20 முள்களுக்கும் நேராகக் கம்பி இழுத்த கேபிள்கள் சந்தையில் விற்கப்படுகின்றன. அவற்றிலும் படம் தெளிவாகவே வரும் என்பதால், வாங்கியவருக்குக் கேபிளின்மீது ஐயமே எழாது.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். இரவில் கணினிக்கு மின்சாரம் நிற்கிறது, மானிட்டருக்கு நிற்பதில்லை. மானிட்டரின் 3.3 வோல்ட், கேபிள் வழியே பின்னோக்கிக் கார்டுக்குள் ஏறி, அங்கிருந்து மதர்போர்டு வரைக்கும் கசிகிறது. சுவர் ஸ்விட்சை நிறுத்திய பிறகும் உள்ளே விளக்கு எரிவது அதனால்தான். காலையில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது கார்டு முற்றிலும் அணைந்த நிலையிலிருந்து எழுவதில்லை. அரை விழிப்பில் இருக்கிறது. சில்லுகள் தம்மைப் பூச்சியத்திலிருந்து ஒழுங்குபடுத்திக்கொள்ள, மின்னழுத்தம் முழுவதுமாக இறங்கி மீண்டும் ஏற வேண்டும். அது நிகழாததால் கார்டு சோதனைக்குப் பதில் சொல்வதில்லை. மதர்போர்டும் விஜிஏ விளக்கை எரியவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த விளக்கு கார்டின்மீது விரல் நீட்டுவது உண்மைதான், ஆனால் கார்டு இங்கே பாதிக்கப்பட்டது. பழுதின் ஊற்று அது அன்று.

மற்றக் குறிப்புகளும் இதோடு பொருந்துகின்றன. கடைக்குக் கேபினெட் மட்டும் போனது, உங்கள் கேபிள் போகவில்லை. ரேமைத் துடைப்பதற்காக எல்லாக் கேபிள்களையும் கழற்றினீர்கள். குணப்படுத்தியது அழிப்பான் அன்று, கேபிள் நீங்கியிருந்த அந்த நேரம்தான். திங்கட்கிழமை விடியலில் மானிட்டரின் பிளக் பிடுங்கப்படுவதால் கசிவு நின்று, கார்டு முழுமையாக அணைந்துவிடுகிறது.

உறுதி செய்வது எளிது. கேபினெட்டின் பின்புறமுள்ள மின்கம்பியையே பிடுங்கிவிட்டு, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையும் மானிட்டரையும் அப்படியே விட்டுவைத்து, அந்தச் சிறு விளக்கைப் பாருங்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மட்டும் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் வேறு சான்று வேண்டியதில்லை. பிறகு மானிட்டரோடு வந்த பழைய கேபிளைப் போட்டு ஒரு வாரம் இயக்குங்கள்.

பழைய கேபிள் கிடைக்காவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளிலேயே வேலையைத் தொடரலாம். 20ஆவது முள்ளின்மேல் நாடா ஒட்டி இந்தக் கேபிளையே பயன்படுத்தலாம் என்று சிலர் எழுதியிருப்பதைக் காண்பீர்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். நாடா நகர்ந்து பக்கத்து முள்ளை மறைத்தாலோ, துளைக்குள்ளேயே தங்கிவிட்டாலோ, கேபிளின் விலைக்காகக் கார்டையோ மானிட்டரையோ இழக்க நேரும். புதிதாக வாங்குவதென்றால் டிபி8கே என்ற வெசா சான்று முத்திரை உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். நீளம் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

சிவகாசி வடிவமைப்பாளர்:

அம்மா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கேபினெட்டின் மின்கம்பியை என் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே விளக்கு எரிகிறது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை உருவினேன், அணைந்தது. திரும்பச் செருகினேன், எரிந்தது. மனைவியையும் அழைத்துக் காட்டினேன்.

பழைய கேபிள் பரணில் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு ஸ்டூலின்மேல் ஏற்றி வைத்ததும் அந்தக் கேபிளின் நீளமே போதுமானதாகிவிட்டது. இன்றோடு ஒன்பது காலைகள். ஒன்பதிலும் முதல் அழுத்திலேயே படம். மானிட்டரின் பிளக்கை ஒருநாள்கூடப் பிடுங்கவில்லை. முருகன் படங்கள் கொண்ட பன்னிரண்டு தாள்களும் நேற்று அச்சுக்குப் போய்விட்டன. மதர்போர்டுக்குக் கொடுக்க இருந்த பணம் என்னிடமே இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ரிச்சி தெரு பழையவர்:

ஆசிரியை அவர்களுக்கு என் வணக்கம். இத்தனை ஆண்டுகளில் நான் இதைக் கவனித்ததே இல்லை. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் கை பழகியவன் நான். அதன் 15 முள்களில் சிவப்புக்கான முள் வளைந்தால் படம் நீலப்பச்சையாகத் தெரியும், நீலத்துக்கானது வளைந்தால் மஞ்சள் அடிக்கும். முள்ளை நேராக்கினால் தீர்ந்தது. மானிட்டர் கேபிள் படத்தைக் கெடுக்கும், ஆனால் கணினியையே துவங்கவிடாமல் தடுக்காது என்பதே என் மனத்தில் ஊறியிருந்தது. தொலைக்காட்சியில் நன்றாக வந்ததும், தம்பியிடம் கேபிளை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒன்பது டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். முனைகள் நெருக்கமாக இருப்பதால் தையல் ஊசிகளை வைத்துத்தான் தொட முடிந்தது. இரண்டில் 20ஆவது முள் இரு முனைக்கும் தொடர்ந்து ஓடுகிறது. இரண்டையும் வெட்டிப் போட்டுவிட்டேன். இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது.

கரும்பலகை:

இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். எங்கள் பள்ளியில் உள்ள பழைய புரொஜெக்டரில் விஜிஏ துளை மட்டுமே இருக்கிறது. மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையில் ஒரு சிறு மாற்றியைப் பொருத்திப் பாடம் காட்டுகிறோம். ஒரு மடிக்கணினியில் படம் நிலையாக வருகிறது. மற்றொன்றில் சில நிமிடங்களில் இருண்டு, மீண்டும் வந்து, மீண்டும் இருள்கிறது. இதுவும் முள்ளின் குற்றமாக இருக்குமா?

மின்னணு ஆசிரியை:

இது வேறு வகை. உங்களுக்கு வருவது மின்சாரப் பற்றாக்குறையாக இருக்கலாம். எச்டிஎம்ஐயில் 18ஆவது முள் 5 வோல்ட் தருகிறது, ஆனால் 55 மில்லியாம்பியர் தந்தாலே விதி நிறைவேறிவிடும். எச்டிஎம்ஐயின் எண்முறைக் குறிகளை விஜிஏக்கான தொடர்குறிகளாக மாற்றும் சில்லு அந்தச் சிறு மின்சாரத்தில்தான் வாழ வேண்டும். தாராளமாகத் தரும் மடிக்கணினியில் அது நிலைத்து ஓடும். விதித்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் மடிக்கணினியில் சோர்ந்து விழுந்து விழுந்து எழும். மாற்றியின் பக்கவாட்டில் மைக்ரோ யூஎஸ்பி துளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கைப்பேசி சார்ஜரிலிருந்து அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்து ஒரு பாடவேளை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.